கிராண்ட் இல்லாத மண்: மனைவியின் கம்பத்தில் முளை அடித்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டுகிறேன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். என் மனைவி ஓராங் அஸ்லி (தீபகற்பத்துப் பூர்வகுடி) மக்களில் செமாய் இனத்தவர். அவருடைய கம்பத்தில் (கிராமத்தில்) இருபத்திரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முன் டுரியான் மரங்களுக்கு நடுவே சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நிலம் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, மரத்துக்கு மட்டும் நஷ்டஈடு கிடைக்கும் என்று சொல்லி, தோக் பாத்தினிடம் (கம்பத்துத் தலைவரிடம்) ஒரு பாரத்தை (படிவத்தை) கொடுத்துக் கைநாட்டு கேட்கிறார்கள். என் மாமனாருக்குத் தெரிந்து நான்கு தலைமுறையாக அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் கிராண்ட் (நிலப் பட்டா) கிடையாது. எங்களை லயனை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு எழுப்பியபோது ஒன்றும் செய்ய முடியவில்லை. இதுவும் அப்படித்தானா? அரசியலமைப்பில் இவர்களுக்கு ஏதாவது உரிமை உண்டா? மச்சானிடம் எழுதி வாங்கிக்கொண்டு அங்கே மூன்று ஏக்கரில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டிருக்கிறேன். அது என்ன ஆகும்? என் பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் ஓராங் அஸ்லியா, இந்தியரா?

பதில்: ஐயா, வணக்கம். மற்றதெல்லாம் பிறகு. இன்றே தோக் பாத்தினிடம் சொல்லுங்கள்: அந்தப் பாரத்தில் கைநாட்டு வைக்க வேண்டாம். கோபித்துக்கொண்டு கிழித்துப்போடவும் வேண்டாம். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கொண்டுவந்தவர் யார், எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மரத்துக்குப் பணம் என்று வரும் இந்த மாதிரிப் பாரங்களில், 'இதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி பெரும்பாலும் அடியில் இருக்கும். இருபத்திரண்டு குடும்பங்களின் நிலம் அந்த ஒரு வரியில் போய்விடக்கூடும். பணத்தை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிலத்தின் மீதான உரிமைக்குப் பாதகமில்லாமல் பெறுகிறோம் என்று எழுத்தில் வைத்துக்கொண்டு வாங்கலாம். மலாயில் அதைத் 'தான்பா பிரெஜுடிஸ்' என்பார்கள். அந்த வாசகத்தை வழக்கறிஞர் எழுதித் தரட்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. லயனும் கம்பமும் ஒன்றல்ல. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. முதலாளி கொடுத்த அனுமதியில் குடியிருந்தோம், வேலை முடிந்ததும் அனுமதியும் முடிந்தது என்றுதான் சட்டம் அதைப் பார்த்தது. மூன்று தலைமுறை பால்மரம் சீவியவர்களுக்கு அது எத்தனை பெரிய அநியாயமாக இருந்தாலும் சட்டத்தின் பார்வை அதுதான். உங்கள் மாமனாரின் மண்ணை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. மாநில அரசு வருவதற்கு முன்பே, நிலச் சட்டம் எழுதப்படுவதற்கு முன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள். ஆகவே அவர்கள் சலுகை கேட்கவில்லை, இருக்கிற உரிமையை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் தோட்ட அனுபவத்தை வைத்து 'எப்படியும் எழுப்பிவிடுவான், கொடுக்கிறதை வாங்கிக்கொள்' என்று புத்தி சொல்வது அவர்களுக்குக் கெடுதலாகவே முடியும்.

அரசியலமைப்பில் இவர்களுக்கு இடம் உண்டா என்றால், உண்டு. ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. 153ஆவது பிரிவு மலாய்க்காரர்களையும் சபா, சரவாக் சுதேசிகளையும்தான் பெயர் சொல்கிறது. தீபகற்பத்து ஓராங் அஸ்லி அதில் இல்லை. 'பூமிபுத்ரா' என்ற சொல்லே அரசியலமைப்பில் கிடையாது. அது நிர்வாகக் கொள்கையில் வழங்கும் சொல். ஓராங் அஸ்லிக்கென்று இருப்பது 8(5)(சி). அவர்களுடைய பாதுகாப்புக்கும் நலனுக்கும் முன்னேற்றத்துக்கும் தனி ஏற்பாடு செய்வதும், அவர்களுக்கென நிலம் ஒதுக்குவதும், அரசாங்க வேலையில் தகுந்த பங்கு ஒதுக்குவதும் சமத்துவ விதியை மீறியதாகாது என்கிறது அது. செய்யலாம் என்று அனுமதிக்கிறது, செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. 45(2) மேலவையில் அவர்கள் சார்பாகப் பேசக்கூடியவரை நியமிக்க வழி வைக்கிறது. ஒன்பதாவது அட்டவணை அவர்களின் நலனை மத்திய அரசிடமும் நிலத்தை மாநில அரசிடமும் கொடுக்கிறது.

இந்தப் பிளவுதான் நடைமுறையில் ஆளை அலைக்கழிக்கும். ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவா மத்திய அரசின் துறை. அதன் அதிகாரி நல்லவராக இருந்து, 'இந்தக் கம்பத்தை வார்த்தாவில் (அரசிதழில்) போடுங்கள்' என்று பரிந்துரைத்தாலும், அரசிதழில் அறிவிக்க வேண்டியது மாநிலம். பரிந்துரைக் கடிதம் மாநில நில அலுவலகத்து அலமாரியில் வருடக்கணக்கில் தூங்குவது வழக்கம். 2019 ஜனவரியில் குவா மூசாங்கில் உள்ள போஸ் சிம்போர் தெமியார் (இன்னொரு ஓராங் அஸ்லி இனம்) மக்களுக்காக மத்திய அரசே கிளந்தான் மாநில அரசின்மேல் வழக்குப் போட்டது. பேச்சுவார்த்தையில் முடியாத அளவுக்கு அந்தப் பிளவு ஆழமானது. அதனால் ஜாக்கோவா கவனித்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

வழக்கு மன்றத்தில் உண்மையில் பலம் தந்தவை எல்லோருக்கும் பொதுவான பிரிவுகள். 13ஆவது பிரிவு: போதிய நஷ்டஈடு இல்லாமல் ஒருவரின் சொத்தை எடுக்கக்கூடாது. 5ஆவது பிரிவு: உயிர் வாழும் உரிமை, அதில் பிழைப்பும் அடங்கும் என்று நீதிமன்றங்கள் விரித்துப் பொருள் கொண்டிருக்கின்றன. 160(2)இல் 'சட்டம்' என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்தையும் பாருங்கள். பொதுச் சட்டமும், சட்டத்தின் வலுவுள்ள வழக்காறும் அதற்குள் அடங்கும். செமாய்க்காரரின் அடாட் (மரபு வழக்கம்) வெறும் பழக்கமல்ல, நிரூபித்தால் சட்டமாகவே நிற்கும் என்று வாதிட அந்த வரி இடம் தருகிறது.

இதை நிலைநாட்டிய வழக்குகள் இரண்டை உங்கள் மச்சானுக்கும் சொல்லுங்கள். ஜொகூரில் லிங்கியூ அணைக்காக ஜாக்குன் மக்களின் 53,273 ஏக்கரை எடுத்துக்கொண்டு, பயிர் மரங்களுக்கு மட்டும் ஐந்தரை லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) சற்று மேல் கொடுத்தார்கள். அடோங் பின் குவாவ் வழக்கில் உயர் நீதிமன்றம், அந்தக் காட்டை நம்பிப் பிழைக்கும் உரிமையே பறிபோனது என்று கண்டு, 2 கோடியே 65 லட்சம் வெள்ளி கொடுக்கச் சொன்னது. மேல் முறையீட்டிலும் அது நின்றது. அடுத்தது சாகோங் பின் தாசி. டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் 38 ஏக்கர் சொச்சத்தை 1995இல் நெடுஞ்சாலைக்காக எடுத்து, வீட்டுக்கும் மரத்துக்கும் மட்டும் பணம் கொடுத்தார்கள். 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிலத்தின் மீதே அவர்களுக்கு உரிமை உண்டு, நிலத்துக்கும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றன. அரசிதழில் அறிவிக்கப்படாத பகுதிக்கும் அது பொருந்தியது. அறிவிக்காமல் விட்டதே அரசு தன் பாதுகாவல் கடமையில் தவறியதாகும் என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு இப்போது சொல்லப்படும் அதே 'மரத்துக்கு மட்டும்' என்ற பேச்சைத்தான் இரண்டு இடத்திலும் நீதிமன்றம் தள்ளியது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: சாகோங் வழக்கில் குடியிருந்து பயிர் செய்த பகுதிக்குத்தான் நில உரிமை கிடைத்தது. வேட்டைக்கும் பிரம்பு வெட்டவும் சுற்றிய பரந்த காட்டுக்கு உயர் நீதிமன்றம் அதைத் தரவில்லை.

இதற்கெல்லாம் எதிராக வைக்கப்படுவது 1954ஆம் ஆண்டின் ஓராங் அஸ்லி சட்டம், நீதிமன்றத்தில் 'ஆக்டா 134' என்பார்கள். அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளிடமிருந்து இவர்களைப் பிரித்துவைக்கும் நோக்கம் ஓங்கியிருந்தபோது எழுதப்பட்டது. 6ஆவது பிரிவில் மாநிலம் ஓராங் அஸ்லி பகுதி என்றும், 7இல் ஓராங் அஸ்லி ரிசர்வ் என்றும் அறிவிக்கலாம். அறிவித்தால் வெளியாருக்கு அந்த நிலத்தைத் தர முடியாது. ஆனால் அதே மாநிலம் இன்னொரு அறிவிப்பில் அதை ரத்தும் செய்யலாம். 8ஆவது பிரிவு தரும் குடியிருப்பு உரிமை, நிலச்சொந்தக்காரர் விருப்பப்படி இருக்கும் வாடகைக்காரரின் உரிமையைவிட மேலானதல்ல. 11ஆவது பிரிவு மாநில நிலம் கைமாறும்போது பழ மரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் நஷ்டஈடு என்கிறது. அதைக் காட்டித்தான் நிலத்துக்கு ஒன்றுமில்லை என்பார்கள். இந்தச் சட்டம் பழைய உரிமையை அழிக்கவில்லை, அதோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதே சாகோங் தீர்ப்பின் சாரம்.

சரி, காரியத்துக்கு வருவோம். அந்த நிலம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கடிதமும் எழுதாதீர்கள். முளை இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளியைக் கைப்பேசியில் குறித்து, அதை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போங்கள். கேட்க வேண்டியவை: இது மாநில நிலமா, ஹூத்தான் சிம்பானா (ஒதுக்கப்பட்ட காடா), மலாய் ரிசர்வா (மலாய்க்காரருக்கு ஒதுக்கிய நிலமா), யாருக்காவது அங்கீகாரம் ஆகிவிட்டதா, கிராண்ட் பதிவாகிவிட்டதா? லாட் எண் கிடைத்தால் கட்டணம் கட்டிச் 'சாரியான் ரஸ்மி' (அதிகாரபூர்வ நிலப் பதிவுத் தேடல்) எடுங்கள். ஓராங் அஸ்லி பகுதியாக எப்போதாவது அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த வார்த்தா எண்ணும் வரைபடமும் ஜாக்கோவாவிடம் இருக்கும். எழுத்தில் கேளுங்கள். எந்தக் கடிதம் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள். முத்திரை இல்லாத கடிதம் பிற்பாடு 'எங்களுக்கு வரவே இல்லை' என்றாகிவிடும்.

கம்பெனிக்குக் கிராண்ட் இன்னும் பதிவாகவில்லை என்றால் உங்கள் கை நன்றாக இருக்கிறது. பதிவாகிவிட்டால் கடினம். அதை நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய மூன்றாவது ஆளிடம் போய்விட்டால் நிலத்தையே மீட்பது மிகக் கடினம், நஷ்டஈடுதான் மிஞ்சும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

கிராண்ட் இல்லாதவருக்குச் சாட்சியம்தான் கிராண்ட். இந்த வழக்குகளில் தோற்பவர்கள் பலர் உரிமை இல்லாததால் தோற்பதில்லை, காட்ட ஒன்றும் சேர்த்து வைக்காததால் தோற்கிறார்கள். நிரூபிக்க வேண்டியது இதுதான்: இந்தச் சமூகம், இந்த இடத்தில், தன் அடாட்டின்படி, விட்டுப்போகாமல் தொடர்ந்து இருந்து வருகிறது. ஒவ்வொரு மரமாகப் போங்கள். டுரியான், பெத்தாய், லங்சாட் எதுவானாலும் நட்டவர் பெயர், அவர் உங்கள் மாமனாருக்கு என்ன உறவு, இப்போது பழம் பொறுக்கும் குடும்பம் எது என்று எழுதி, நெஞ்சுயரத்தில் அடிமரச் சுற்றளவை நூலால் அளந்து, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுங்கள். இரண்டு பேர் கைகோர்த்தாலும் எட்டாத டுரியான் மரமும், அதன் கீழே பழம் விழும் காலத்துக்கென்று சுத்தமாகச் செதுக்கி வைத்த தரையும், காவல் குடிசையின் பழைய கால்குழியும் ஒரே படத்தில் வந்தால், அது நீதிபதிக்கு நிறையச் சொல்லும். இடுகாடு இருந்தால் ஒவ்வொரு குழியும் யாருடையது என்று குறியுங்கள். அதைப் படம் எடுக்க அடாட் அனுமதிக்கிறதா என்று மூத்தவர்களிடம் முதலில் கேளுங்கள். ஓடைக்கும் பாறைக்கும் மேட்டுக்கும் செமாய்ப் பெயர் இருக்கும். பெயரும் பெயர் வந்த கதையும் சேர்த்து வரைபடத்தில் போட வேண்டும். ஜுப்பெமிடம் (நில அளவை, வரைபடத் துறையிடம்) கிடைக்கும் பழைய நிலவரைபடங்களில் அந்தக் கம்பம் குறிக்கப்பட்டிருந்தால் அது தங்கம். அரசாங்கமே வரைந்த தாளை அரசாங்கமே மறுப்பது கடினம். பழைய ஓராங் அஸ்லி விவகாரத் துறையின் கடிதம், மருந்தகச் சீட்டு, பள்ளிப் பதிவு, அங்கே பிறந்ததாகக் காட்டும் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எதையும் விடாதீர்கள்.

மூத்தவர்களின் வாய்மொழிக்குத் தனி மதிப்பு உண்டு. சாட்சியச் சட்டம் 1950இன் 32(1)(டி), வழக்காறு பற்றி அறிந்த ஒருவர், தகராறு வருமுன் சொன்ன கருத்தை, அவர் இறந்த பின்னும் ஏற்க வழி செய்கிறது. 48ஆவது பிரிவில், வழக்காற்றை அறிந்திருக்கக்கூடியவர் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம். முளை அடித்துவிட்டதால் தகராறு வந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆகவே இதற்கு முன்பே யாராவது எடுத்த ஒலிப்பதிவு, எழுதிய குறிப்பு இருந்தால் தேடுங்கள். ஆனாலும் இப்போது எடுக்கும் பதிவும் வீணல்ல. மாமனார் நடக்கக்கூடியவரானால் எல்லையை நடந்தபடியே பேசட்டும். செமாய் மொழியில் பேசட்டும், மலாயில் பேசச் சொல்லி நச்சரிக்க வேண்டாம். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், கூட இருப்பவர்கள் பெயர் சொல்லப்பட வேண்டும். வெட்டி ஒட்டாத அசல் கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

கம்பத்துக் கூட்டம் ஒன்று போட்டு, எல்லாக் குடும்பமும் கையெழுத்திட்ட தீர்மானம் எழுத வேண்டும்: வழக்குக்கு யார் யார் பிரதிநிதி, யாரும் தனியே பணம் வாங்கிக் கையெழுத்திடக்கூடாது என்று. சிலர் தங்கள் சார்பிலும் மற்றவர் சார்பிலும் வழக்குத் தொடுக்க நீதிமன்ற விதிகள் இடம் தருகின்றன. இரண்டு குடும்பம் ரகசியமாகப் பணம் வாங்கிவிட்டால், 'இவர்களே சம்மதித்துவிட்டார்கள்' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வரியாக இருக்கும்.

இயந்திரம் வந்துவிட்டால் ஆளைத் தொடாதீர்கள், வண்டியில் கை வைக்காதீர்கள், முளையையும் பிடுங்காதீர்கள். படம் எடுத்து, வண்டி எண்ணைக் குறித்து, அன்றே போலீஸ் புகார் கொடுங்கள். வழி மறித்து உட்கார்ந்தால் கைது நடக்கலாம். மரம் சாய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எத்தனை கொடுமை என்று தெரியும். ஆனால் கைதானவர்களை ஜாமீனில் எடுக்க ஓடும் நாளில்தான் நிலத்துக்கான தடை மனு தாக்கலாகாமல் போகும். தடை உத்தரவு கேட்கும்போது, பிற்பாடு தோற்றால் கம்பெனிக்கு ஏற்படும் நட்டத்துக்குப் பொறுப்பேற்பதாக உறுதி தரச் சொல்வது வழக்கம். அந்தச் சுமையை எப்படிக் குறைப்பது என்று உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே கேளுங்கள்.

தேதி விஷயம். மாநிலத்தின் முடிவை எதிர்த்து நீதிமுறை ஆய்வு (அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது) கேட்பதானால், காரணம் எழுந்த அல்லது முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம். அரசு அதிகாரிகள்மேல் சாதாரண வழக்கானால் 36 மாதம். முளை அடித்து ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது. முளை கண்ணில் பட்ட நாளிலிருந்தே மூன்று மாதத்தை எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு.

உங்கள் செம்பனை. இந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். ஆக்டா 134இன் 9ஆவது பிரிவுப்படி, ஓராங் அஸ்லி ஒருவர் நிலத்தை விற்பதோ குத்தகைக்கு விடுவதோ துறையின் தலைமை அதிகாரியின் சம்மதம் இல்லாமல் செல்லாது. மச்சான் எழுதிக் கொடுத்த தாள் நீதிமன்றத்தில் உங்களுக்கு உதவாது. அதைவிட மோசம், கம்பத்துக்கே எதிராகத் திரும்பும்: 'இவர்கள் அடாட்டின்படி பயிர் செய்யவில்லை, வெளியாளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார்கள்' என்று வாதிட எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல தாள் கிடைக்காது. அதை மறைக்கவோ அழிக்கவோ வேண்டாம். இருப்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மூன்று ஏக்கர் உங்கள் மனைவி தன் குடும்பப் பங்கில், கம்பத்தின் சம்மதத்தோடு செய்யும் பயிர் என்பது உண்மையானால், பயிர்க் கணக்கெடுப்பில் அவர் பெயரில் அப்படியே பதியட்டும். இதற்குமேல் அங்கே பணம் போடாதீர்கள். நட்டதற்கான செலவு மரத்தின் நஷ்டஈட்டில் ஓரளவு வரலாம், முழுதும் திரும்பும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பிள்ளைகள். ஆக்டா 134இன் 3ஆவது பிரிவில் தந்தை ஓராங் அஸ்லி என்றால் வழி எளிது, ஆண்வழி வாரிசும் அதில் அடக்கம். தாய் ஓராங் அஸ்லி, தந்தை வேறு இனம் என்றால் மூன்று நிபந்தனை: பிள்ளை வழக்கமாக அவர்களின் மொழியைப் பேச வேண்டும், அவர்களின் வாழ்முறையையும் வழக்கத்தையும் பின்பற்ற வேண்டும், அந்தச் சமூகத்தின் உறுப்பினராக இருந்துவர வேண்டும். பெண்ணின் பிள்ளைக்கு மட்டும் இந்தக் கூடுதல் பரீட்சை வைத்தது நியாயமில்லை, ஆனால் சட்டம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் இந்தியர் என்று இருப்பதால் மட்டும் கதவு மூடிவிடாது. ஆனால் டவுனில் வளர்ந்து, செமாய் தெரியாமல், விடுமுறைக்கு மட்டும் பாட்டி வீட்டுக்குப் போகும் பிள்ளை இந்தப் பரீட்சையில் தேறுவது கடினம். சந்தேகம் வந்தால் முடிவு செய்வது அமைச்சர். தமிழ்ப்பள்ளியை விட வேண்டியதில்லை. வீட்டில் அம்மா அவர்களிடம் செமாயில் பேசட்டும், கம்பத்துச் சடங்குகளில் பிள்ளைகள் இருக்கட்டும், தோக் பாத்தின் வைத்திருக்கும் குடும்பப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறட்டும். உங்கள் மனைவி திருமணத்துக்குப் பின் கோயிலுக்குப் போகிறார் என்பதால் அவர் ஓராங் அஸ்லி இல்லாமல் போய்விட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதம் மாறினாலும், அவர்களின் வாழ்முறையையும் வழக்கத்தையும் பின்பற்றினால், அல்லது மொழியைப் பேசினால், மதத்தை மட்டும் காரணம் காட்டி அந்த அடையாளத்தை எடுக்க முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது.

இன்னொன்று, நம்மவர்களிடம்: தோட்டத்துப் பேச்சில் இன்னமும் 'சாக்காய்' என்று சொல்கிறோம். அந்தச் சொல்லில் அடிமை என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செமாய், தெமியார் என்று அவரவர் பெயரைச் சொல்லிப் பழகுவோம். உங்கள் பிள்ளைகள் பள்ளியில் அந்தச் சொல்லைக் கேட்காமல் வளர வேண்டும்.

வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். மன்றத்தில் ஓராங் அஸ்லி உரிமைகளுக்கென்றே ஒரு குழு இருக்கிறது, இந்த வழக்குகளைக் கட்டணமின்றி எடுத்து நடத்தியவர்கள் அதில் உண்டு. மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் புகார் கொடுக்கலாம். அது சுதேசி மக்களின் நில உரிமை பற்றி நாடு தழுவிய விசாரணை நடத்தி 2013இல் அறிக்கை தந்த அமைப்பு. உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை, ஆனாலும் அதன் கடிதம் கோப்பில் இருந்தால் நில அலுவலகம் பதில் எழுதும். முதல் சந்திப்புக்குப் போகும்போது தோக் பாத்தினும் உங்கள் மனைவியும் வர வேண்டும், நீங்கள் வண்டியோட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் போனால் போதும். கையில் இருக்க வேண்டியவை: அந்தப் பாரத்தின் படம், முளைகளின் படமும் ஜி.பி.எஸ். புள்ளியும், இருபத்திரண்டு குடும்பத் தலைவர்களின் அடையாள அட்டை நகல், நில அலுவலகத்தில் கிடைத்த தாள், மாமனாரின் ஒலிப்பதிவு. கடைசி இரண்டும் தயாராகவில்லை என்பதற்காகச் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.